பனிச்சறுக்குக்கு ஏழு முடிச்சு

போன சனிக்கிழமை எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பனிச்சறுக்குக்குப் போகிற நான்கு பேருக்கும் துணிமணி எடுத்து வைக்க வேண்டும்.

அந்த நான்கு பேர் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் கவிதா, மாப்பிள்ளை செந்தில், மாப்பிள்ளையின் அப்பாவான என் சம்பந்தி, பிறகு நான். மகள் வீடு நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரியும் கரூரிலிருந்து வந்து அன்றோடு எழுபத்தொரு நாள். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் கோபியிலிருந்து வந்து பத்தொன்பது நாள்.

பெண்கள் இரண்டு பேரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"வழுக்கி உழுகறதுக்கு ரெண்டு மணி நேரம் கார்ல போகோணுமா? இங்கயே வாசப்படில உழுந்துக்கலாம்" என்றாள் என் வீட்டுக்காரி. சம்பந்தியம்மா சிரித்தபடி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த வீட்டில் புத்தி எந்த சோபாவில் உட்கார்ந்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

பென்சில்வேனியா பக்கம் ஒரு சின்ன மலை. அங்கே பெரியவர்களுக்கென்று காலை பதினொரு மணிக்கு ஒரு மணி நேர வகுப்பு உண்டாம். மாப்பிள்ளை எங்கள் இருவர் பெயரையும் எழுதிவிட்டார். ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் வேண்டாமா மாமா என்றார். எனக்கு அப்படி ஒரு விஷயமும் தேவைப்படவில்லை. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி "போலாம்ப்பா" என்று சொல்லிவிட்டார். அவர் போலாம் என்றபிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எம்.ஏ. வரலாறு. நான் எட்டாவது. கல்யாணம் முடிந்து ஆறு வருஷமாகிறது. இந்த ஆறு வருஷத்தில் அவர் முன்னால் நான் கால்மேல் கால் போட்டதில்லை. அவர் சாப்பிட்டு முடிப்பதற்கு முன் எழுந்ததில்லை. கொட்டாவி வந்தால் வேறு அறைக்குப் போய் விட்டுவிட்டு வருவேன். அவரும் அப்படித்தான். வாங்க, உக்காருங்க, சாப்புடுங்க. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் ஆறு வருஷத்தை நல்லபடியாக ஓட்டியிருக்கிறோம்.

ஆகவே பனியில் விழுந்து காலே முறிந்தாலும் எனக்குப் பரவாயில்லை. அவர் முன்னால் மானம் போய்விடக் கூடாது. அன்றைக்கு என் கவலை அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளை ஒரு பட்டியலைத் தமிழில் எழுதி என் கையில் கொடுத்தார். பனிச்சறுக்குக்குப் பத்திரமாகவும் சௌகரியமாகவும் போய்வர என்னென்ன செய்ய வேண்டும் என்று மொத்தம் ஒன்பது விஷயம். "பேக்கிங் மாமாதான் பண்ணணும். அவர்தான் எக்ஸ்பர்ட்" என்று சம்பந்தி காதுபடச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பொய்யில்லை. கரூரில் துண்டும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பேக்கிங் பிரிவில் இருந்தவன் நான். எத்தனை பேல், அதாவது ஏற்றுமதிப் பொதி, கட்டினேன் என்ற கணக்கும் இருக்கிறது. சொன்னால் நீளும்.

பட்டியலில் முதல் விஷயம், மூன்று அடுக்காக உடை போட வேண்டும். உடம்போடு ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று.

மூன்று என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொன்னதாக இருக்கும். எங்கள் கரூரில் மார்கழி மாதம் ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்தோமானால் அதுதான் குளிர்காலம். அதனால் நான் இரட்டிப்பாக்கி மேலுக்கு ஆறு என்று வைத்தேன். இடுப்புக்குக் கீழே நான்கு.

"அப்பா, ஆறு லேயர் போட்டா கையை மடக்க முடியாதுப்பா" என்றாள் கவிதா.

"சறுக்கறது காலு. கையை எதுக்குக் கண்ணு மடக்கோணும்?" என்றேன். அவள் வழிக்கு எலுமிச்சைச் சாதம் கிளறப் போய்விட்டாள்.

இரண்டாவது விஷயம், காட்டன் கூடவே கூடாது, நனைந்தால் காயாது என்று போட்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் இதே தேசத்துக்குக் காட்டன் துண்டாகக் கட்டி அனுப்பியவனிடம் இதைச் சொல்கிறார்கள். வாங்குகிறபோது யாரும் சொல்லவில்லை. மனது வருத்தப்பட்டாலும் காட்டனை ஒதுக்கி வைத்தேன். எழுதியிருந்தால் எழுதியபடி செய்கிறவன் நான்.

ஆறாவது விஷயத்தில்தான் வினை இருந்தது. மலைக்குளிரில் உடம்பு வறண்டுவிடும், தண்ணீர் நிறையக் குடிக்கவும். நிறைய என்றால் எத்தனை? போடவில்லை. இப்படி அளவு போடாத சீட்டு வந்தால் எங்கள் கம்பெனியில் திருப்பி அனுப்பிவிடுவோம். மாப்பிள்ளையிடம் திருப்பி அனுப்பக் கூச்சமாக இருந்ததால் நானாக ஒரு அளவு வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்து ஐந்து டம்ளர். அதுபோக என் வீட்டுக்காரி கொடுத்த காபி இரண்டு.

அடுத்தது பேண்ட். பனிக்கென்று தனியாக ஒரு பேண்ட் வேண்டுமாம், பஞ்சு வைத்துத் தைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் மாப்பிள்ளை தன் நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். அந்த நண்பரை நான் பார்த்ததில்லை. பேண்டை வைத்துப் பார்த்தால் அவர் ஆறடிக்குக் குறையமாட்டார். இடுப்பில் நிற்கவே இல்லை. விட்டால் நேராகக் கணுக்காலுக்கு வந்தது.

"சைடுல வெல்க்ரோ இருக்குப்பா, இழுத்து ஒட்டிக்கலாம்" என்று கவிதா ஒட்டிக் காட்டினாள். பிறகு சர்ரென்று பிரித்தும் காட்டினாள்.

அப்படிச் சர்ரென்று பிரிகிற ஒன்றை என்னால் கட்டு என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கராஜில் நைலான் கயிறு ஒரு சுருள் இருந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். பேண்டின் இடுப்பை, லுங்கியை மடிப்பதுபோல இரண்டு மடிப்பு மடித்து உள்ளே சொருகி, அதன்மேல் கயிற்றைச் சுற்றினேன். சுற்றி ஒரு முடிச்சு. எங்கள் கோடவுனில் அதற்குத் துறைமுக முடிச்சு என்று பேர். கரூரில் போட்டால் லாரி, கப்பல், வெளிநாட்டுத் துறைமுகம் எல்லாவற்றையும் தாண்டி, வாங்கியவர் கத்தி வைத்து அறுக்கும்வரை நிற்கும். ஈரக் கயிற்றில் போட்டால் காயக் காய இன்னும் இறுகும்.

மடித்ததில் பேண்டின் ஜிப் மடிப்புக்குள்ளே போய்விட்டது. அப்போது அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

எனக்கு மொத்தம் மூன்று முடிச்சு. உள்ளே போட்டிருந்த டிராக் பேண்டுக்கு ஒன்று. பனிப் பேண்டுக்கு ஒன்று. இடுப்பு வழியாகக் குளிர்காற்று ஏறாதபடி ஜாக்கெட்டுக்கு மேலே ஒன்று. தொலைந்துபோகாமல் இருக்க என் செல்போனை டிராக் பேண்ட் பையில், அதாவது உள்ளுக்குள், பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

கட்டி முடித்து இரண்டு குதி குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவுப் பக்கம் ஒரு கனைப்புச் சத்தம். சம்பந்தி, தன் பேண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க சம்பந்தி, எனக்கும் இது நிக்கமாட்டீங்குதுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?"

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் மிகை. ஆனால் உடனே வேலையில் இறங்கிவிட்டேன். நனைத்த கயிறு மீதம் இருந்தது. என் பேண்டுக்கு இழுத்ததைவிட ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்து, எனக்குப் போட்ட அதே மூன்று இடத்திலும் போட்டேன். அத்தோடு விட மனது வரவில்லை. எனக்கும் மூன்று, அவருக்கும் மூன்று என்றால் நன்றாகவா இருக்கும்? பனிப் பேண்டின்மேல் இன்னொன்று சேர்த்து நான்காக்கினேன்.

"ரொம்ப டைட்டா இருக்குதுங்களா?"

"இல்லைங்க. கம்பீரமா இருக்குதுங்க" என்றார்.

மணி ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம்.

காரில் ஹீட்டர் போட்டிருந்தார்கள். ஆறு அடுக்குக்குள் இருந்த எனக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே நெற்றியில் வேர்வை. ஜாக்கெட்டைக் கழற்றிவிடச் சொன்னார் மாப்பிள்ளை. "இருக்கட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். சம்பந்தியும் இருக்கட்டும்ப்பா என்றார். வேறென்ன சொல்ல முடியும்? அதன்மேல் கயிறு இருந்தது.

நான் வேர்ப்பதைப் பார்த்துச் சம்பந்தி தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நீட்டினார். "குடிங்க சம்பந்தி. லிஸ்ட்லயே இருக்குது" என்றார். எழுத்தில் இருப்பதை மதிப்பதில் அவரும் என்னைப் போலத்தான். அவர் நீட்டியதை மறுக்க முடியாமல் குடித்தேன். நான் மட்டும் குடித்தால் நன்றாக இருக்காது என்று அவரிடம் நீட்டினேன். அவரும் மறுக்க முடியாமல் குடித்தார். பாட்டில் எங்களுக்கு நடுவில் நான்கு முறை போய்வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வழியில் ஒரு ரெஸ்ட் ஏரியா வந்தது. மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்துவிட்டு, யாருக்காவது போக வேண்டுமா என்று கேட்டார்.

எனக்குப் போக வேண்டியிருந்தது. கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் படிப்பில் பெரியவர் இருக்கும்போது நான் எப்படி முதலில் சொல்வது? ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தேன்.

"எனக்கு வேண்டாம்ப்பா. சம்பந்தியைக் கேளு" என்றார் அவர்.

தலைமையாசிரியருக்கு வேண்டாம் என்றால் எட்டாம் வகுப்புக்கு மட்டும் என்ன வேண்டிக் கிடக்கிறது? "எனக்கும் வேண்டாங்க" என்றேன். ரெஸ்ட் ஏரியா கண்ணாடிக்குப் பின்னால் போய்ச் சின்னதாகி மறைந்தது. அதை நான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. சறுக்குகிற பலகையும் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரு அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினார். வயது, உயரம், எடை. எடைக்குத் தகுந்தபடிதான் பலகையைக் காலோடு பிணைக்கிற பிடியை முறுக்கி வைப்பார்களாம். விழுந்தால் அந்தப் பிடி தானாகவே காலை விட்டுவிட வேண்டும், விடாவிட்டால்தான் ஆபத்து என்று அந்த அம்மாள் விளக்க, மாப்பிள்ளை தமிழில் சொன்னார். விட்டுவிடுவதற்கென்று ஒரு பிடியா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"எடை எவ்வளவு மாமா?"

"துணியோடவா, துணியில்லாமலாங்க மாப்பிள்ளை?"

"சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க மாமா."

சும்மா ஒரு நம்பர் என்று என் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை. துணியில்லாமல் அறுபத்தொரு கிலோ, துணியோடு அறுபத்தெட்டரை, தண்ணீர் தனி என்றேன். அவர் ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டார்.

பூட்ஸ் என்பது பிளாஸ்டிக்கில் செய்த மாவுக்கட்டு. போட்டால் முழங்கால் முன்னால் மடிந்தே நிற்கிறது. நான் மூன்று ஜோடி சாக்ஸ் போட்டிருந்ததால் மூடவில்லை. ஒரு ஜோடிதான் போட வேண்டும் என்று அந்த அம்மாள் இரண்டைக் கழற்றச் சொன்னார். அன்று காலையிலிருந்து என் உடம்பில் சுலபமாகக் கழன்றது அவை மட்டும்தான்.

மணி பத்து இருபத்தைந்து. மகளும் மாப்பிள்ளையும் எங்கள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வகுப்பு நடக்கும் இடத்தைப் பார்க்கப் போனார்கள். எங்களைப் பெஞ்சிலேயே இருக்கச் சொன்னார்கள். இனி ஒரு நிமிஷமும் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. சம்பந்தியிடம் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

பெஞ்சிலிருந்து பாத்ரூம் எண்பத்து நான்கு அடி. அந்த பூட்ஸில், அந்த நிலைமையில், ஒவ்வொரு அடியும் உள்ளே ஒரு குலுக்கு.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக் கையுறையைக் கழற்றினேன். முதல் முடிச்சில் விரலை வைத்தேன். கல் போல இருந்தது. கார் ஹீட்டரில் கயிறு நன்றாகக் காய்ந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். பல்லால் கடிக்கலாம் என்றால் ஆறு அடுக்கு என்னைக் குனியவிடவில்லை. போட்டவனுக்குத்தான் தெரியும், அது அவிழாது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெருமையை அன்று நின்றபடி முழுதாக அனுபவித்தேன்.

மகளைக் கூப்பிடலாம் என்றால் செல்போன் இரண்டு முடிச்சுக்கு உள்ளே பத்திரமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் டக், டக் என்று இன்னொரு ஜோடி பூட்ஸ் வேகமாக உள்ளே வந்து பக்கத்து அறைக்குள் புகுந்தது. தாழ்ப்பாள் சத்தம். பிறகு ஒரு சின்ன முக்கல். நைலான் கயிற்றை நகத்தால் கீறுகிற சத்தம். ஒரு பெருமூச்சு. மறுபடியும் கீறல்.

உலகத்தில் என் முடிச்சோடு மல்லுக்கு நிற்கிற சத்தம் எனக்குத் தெரியாதா?

நான் மூச்சுவிடாமல் இருந்தேன். ஆனால் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு வந்தது. ஒரு வகுப்பையே அடக்கிவைத்த கனைப்பு.

"யாருங்க அது, சம்பந்தியா?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம் கீறல் நின்றது.

"சுத்திப் பாக்கறேன்னீங்க."

"ஆமாங்க. இங்கதாங்க சுத்திப் பாத்துட்டு இருக்கறேன்."

கீறல் மறுபடியும் தொடங்கி, மறுபடியும் நின்றது.

"ஏனுங்க, இந்த முடிச்சை எப்படிங்க அவுக்கறது?"

அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. "அவுக்க முடியாதுங்க. அறுக்கோணுங்க."

"எதுலங்க?"

"கத்தியிலங்க."

"கத்தி எங்கங்க?"

"எடுத்து வைக்கலைங்க. லிஸ்ட்ல இல்லைங்க."

அந்தப் பக்கம் கயிற்றைத் தடவி எண்ணுகிற சத்தம் கேட்டது. "எனக்கு நாலு கட்டு இருக்குதுங்களே. உங்களுக்கும் நாலுங்களா?"

"மூணுங்க."

"எனக்கு எதுக்குங்க ஒண்ணு கூட?"

"மரியாதைக்குங்க" என்றேன்.

சம்பந்தி கோபப்படவில்லை. கோபத்துக்கும் உடம்பில் கொஞ்சம் இடம் வேண்டும். எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் அப்போது வேறெதற்கும் இடமில்லை.

வெளியே வந்தோம். சம்பந்தியின் போன் மாப்பிள்ளையின் பையில் இருந்தது. ஆகவே யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். இங்கிலீஷ் தெரிந்தவர் அவர். சாப்பாட்டுக் கவுண்டரில் நின்ற பெண்ணிடம் அவர் போனார், நான் பின்னால் நின்றேன்.

இரண்டு பேரும் தலையில் குரங்குக் குல்லாய், மூக்குவரை துணி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று பட்டியலின்படி முழுதாக இருந்தோம். அவற்றைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அந்தக் கோலத்தில், ஒரு காலை மாற்றி ஒரு காலில் ஆடிக்கொண்டு, சம்பந்தி சுத்தமான இங்கிலீஷில் ஒரு கத்தி கேட்டார். கத்தரிக்கோல் என்று கேட்டிருந்தால் விஷயம் வேறு. நான் கத்தி என்று சொன்னேன், அவர் கத்தி என்றே கேட்டார்.

அந்தப் பெண் எதற்கு என்று கேட்டது. சம்பந்தி கூச்சப்பட்டுவிட்டார். ஒரு பெண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "இட் இஸ் எ ஃபேமிலி மேட்டர்" என்றார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மெதுவாக இரண்டு அடி பின்னால் போய், போனை எடுத்தது.

இரண்டு நிமிஷத்தில் சிவப்பு ஜாக்கெட்டில் வெள்ளைச் சிலுவை போட்ட ஒரு அம்மாள் வந்துவிட்டார். மலையில் விழுந்தவர்களைத் தூக்கிவருகிற ஆள். அறுபது வயதிருக்கும். வெட்கமாவது ஒன்றாவது என்று வாழ்ந்து முடித்த முகம். சம்பந்தி ஜாக்கெட்டின் கீழ்ப்பகுதியைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார். பிறகு பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினார். எட்டாம் வகுப்புக்கும் புரிகிற பாஷை அது. அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது. அடிபட்டவர்களின் துணியை வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் ஒன்றை இடுப்பிலிருந்து உருவினார். எங்களைப் பாத்ரூம் வாசலுக்கே நடத்திக்கொண்டு போய், யார் முதலில் என்று கேட்டார்.

நான் சம்பந்தியைக் காட்டினேன். சம்பந்தி என்னைக் காட்டினார்.

"நீங்க போங்க சம்பந்தி" என்றேன்.

"அதெப்படிங்க. பொண்ணு குடுத்தவீங்க நீங்க. முதல்ல நீங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை நிக்க வெச்சுட்டு நான் போறதுங்களா?"

"வயசுல நீங்க ரெண்டு மாசம் மூப்பு."

"படிப்புல நீங்கதானுங்க மூப்பு."

கல்யாணத்தன்று முதல் பந்தியில் யார் உட்காருவது என்று இதே மாதிரி நான்கு நிமிஷம் நின்றோம். அன்று பசி மட்டும்தான். இன்று முழங்காலும் முழங்காலும் ஒட்டியிருந்தது. அந்த அம்மாள் கத்தரிக்கோலை விரித்தபடி ஒரு முறை என்னையும் ஒரு முறை அவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைத் தேடிக்கொண்டு வந்த கவிதா இந்தக் காட்சியில் வந்து நின்றாள். கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உடனே புரிந்துகொண்டாள். என் மகள் அல்லவா.

"அப்பா, மாமா, யாராவது ஒருத்தர் போங்களேன்" என்றாள்.

"சம்பந்தி முதல்ல போகட்டும் கண்ணு" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி முன்னால் போய் நின்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மரியாதைக்கு ஒருவர் சொன்னால் மற்றவர் மறுக்க வேண்டும். அதுதான் முறை. ஆறு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறவில்லை. தவறுவதற்கு அந்த மனிதர் தேர்ந்தெடுத்த நேரம் அது.

ஜாக்கெட் கட்டு, ஒன்று. பனிப் பேண்ட் கட்டு, இரண்டு. அதே பேண்டில் நான் மரியாதைக்குப் போட்டது, மூன்று. அந்த மூன்றாவதில் மட்டும் கத்தரிக்கோல் வழுக்கி வழுக்கி, அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்ட இருபத்திரண்டு வினாடி ஆனது. அந்த இருபத்திரண்டையும் நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். நான்காவது கட்டு அறுந்ததும் சம்பந்தி வகுப்புக்கு மணியடித்ததுபோல ஓடினார்.

பிறகு என் மூன்று. சத்தம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன் என்று கவிதா பிறகு சொன்னாள்.

வாசலிலிருந்து உள்ளே பதினான்கு அடி. கட்டு போனதும் பேண்ட் கணுக்காலை நோக்கிக் கிளம்பியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் மாவுக்கட்டோடு, பதினான்கு அடியையும் ஐந்தே தாவலில் முடித்தேன். அன்று அந்த மலையில் என்னைவிட வேகமாக யாரும் சறுக்கியிருக்க மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்தேன். உலர்ந்தபடி போய்ச் சேர்ந்தேன். இதற்குமேல் விவரம் வேண்டாம்.

வெளியே வந்தபோது அந்தச் சிவப்பு ஜாக்கெட் அம்மாள் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் எழுதி வைத்தாக வேண்டுமாம். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. அடிபட்ட இடம், இல்லை. ரத்தம், இல்லை. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று கவிதாவைப் படிக்கச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் படித்தாள். அளவுக்கு மீறிய முன்னேற்பாடு என்று எழுதியிருந்தார்.

மணி பதினொன்றே கால். வகுப்பு தொடங்கிவிட்டிருந்தது. கயிறு இல்லாமல் பேண்டும் நிற்காது. வெல்க்ரோவை ஒட்டிக்கொள்ளலாம் என்று கவிதா சொன்னாள். அந்த நேரத்தில் அந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டியதில்லை. சின்னவர்கள் இரண்டு பேரையும் சறுக்கப் போகச் சொல்லிவிட்டு, நானும் சம்பந்தியும் உள்ளே கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம்.

பாதியில் அவர் கரண்டியை வைத்தார். "ரெஸ்ட் ஏரியாவுலயே எனக்கு அவசரந்தாங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. நான் மட்டும் எப்படிங்க சொல்றது?"

"எனக்கும் அவசரந்தாங்க. நீங்க வேண்டாம்ன்னீங்க."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக மலையைப் பார்த்தோம். அப்புறம் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. பேண்டை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆறு வருஷத்தில் அவருடைய கடைவாய்ப் பல்லை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மேலே இரண்டு இல்லை.

"இது நமக்குள்ளயே இருக்கட்டுங்க சம்பந்தி. வீட்ல வேண்டாம்" என்றார்.

"சரிங்க" என்றேன். மானம் தப்பியது என்று ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மாலை நான்கரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். மகளும் மாப்பிள்ளையும் காரிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எப்படி இருந்துச்சு என்று பெண்கள் இருவரும் கேட்டார்கள். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நான் முகம் கழுவப் போனேன்.

திரும்பி வருவதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. சம்பந்தி சோபாவில் நடுவாக உட்கார்ந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் சமமாகக் கேட்கிற குரலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம சம்பந்தி இன்னைக்குப் பட்ட பாடு இருக்குதே" என்று தொடங்கிய பாடம் இருபது நிமிஷம் ஓடியது. கயிறு வந்தது. முடிச்சு வந்தது. கத்தி வந்தது. பல்லால் கடிக்கக் குனியப் பார்த்ததைக்கூட நடித்துக் காட்டினார். பார்க்காததை எப்படி அவ்வளவு சரியாக நடித்தார் என்பதை யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கவில்லை. அவர் கதைப்படி, அவர் தற்செயலாக அந்தப் பக்கம் போனாராம். உள்ளே ஒரு முனகல் கேட்டதாம். பார்த்தால் நானாம். அவர்தான் ஓடிப்போய் ஆள் கூட்டிவந்து காப்பாற்றினாராம்.

என் வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேளைங்க அண்ணா, எங்க வீட்டுக்காரரு கூட இருந்தாரு."

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் முன்னால் அவரை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அன்று அந்தப் பாத்ரூமில் அகப்பட்டுக்கொண்டது ஒருவர் அல்ல, இரண்டு பேர்.